ஒஸ்ரின் ஏ40 காரில் றேடியோ பாடவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும். பெயின்ற் அடித்து, பம்பருக்குக் குரோம் ஏற்றி, சீற் எல்லாம் தைத்து முடித்த பிறகு உள்ளே ஏறி இருந்து பார்த்தால் டாஷ்போர்டின் நடுவில் ஒரு ஓட்டை, அல்லது யாரோ எண்பதுகளில் தகட்டை வெட்டிப் பூட்டிய கசற் பிளேயர், இல்லையென்றால் நீல வெளிச்சம் மின்னுகிற சைனா செற். சரி, அந்தக் காலத்து றேடியோ ஒன்று தேடுவோம் என்று கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் விசாரிப்பார்கள், லண்டனில் இருக்கிற மச்சானுக்குச் சொல்லி வைப்பார்கள். கடைசியில் ஒன்று வந்து சேரும். பூட்டினால் பாடாது. "அண்ணை, றேடியோ செத்துப்போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பெரும்பாலும் செத்திருக்காது. காருக்கும் றேடியோவுக்கும் பொருத்தம் பார்க்காமல் பூட்டியிருப்பார்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் இதற்கு நான்கு பார்த்தாலே போதும்: வோல்ற்றேஜ், எர்த் (பற்றறியின் எந்த முனை கார்ப் பொடியோடு சேர்கிறது என்பது), அலைவரிசை, ஆண்டு. கீழே நான் எழுதுகிற பிழைகளில் பாதிக்கு மேல் இந்த நான்கில் ஒன்றில்தான் போய் முட்டும். ஆகவே இன்னும் வாங்காதவர்களும் வாசிக்கலாம், வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்திருப்பவர்களும் வாசிக்கலாம்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. ஒரு மல்ரிமீற்றர், சிக்னல் லைற்றுக்குப் போடுகிற 21 வாற்ஸ் பல்ப் ஒன்று வயரோடு, ஒரு நல்ல 12 வோல்ற் பற்றறி, தெரிந்த ஸ்பீக்கர் ஒன்று. றேடியோவைக் காரில் பூட்ட முன்னர் மேசையில் வைத்துப் பாட வைத்துப் பாருங்கள். காருக்குள் தலைகீழாகக் கிடந்து பிழை தேடுவது முதுகுக்குக் கூடாது.

பூட்டின உடனே பியூஸ் போகிறது

இது எர்த் கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள், பிறகுதான் மற்றது. 1960களின் பின்பாதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவை பொசிற்றிவ் எர்த். ஒஸ்ரின் ஏ40 டெவன், சமர்செற், ஏ30, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், எல்லாம் பற்றறியின் கூட்டல் முனை பொடியில் இறுக்கப்பட்டுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தன. நெகற்றிவ் எர்த்துக்குச் செய்த றேடியோவைக் கொண்டுவந்து அதில் ஸ்குறூ பண்ணினால், றேடியோவின் தகரப் பெட்டி டாஷ்போர்டில் முட்டுகிற அந்தக் கணமே ஷோட். பியூஸ் போனால் உங்கள் அதிர்ஷ்டம். பியூஸ் இல்லாமல் நேரே வயர் கொடுத்திருந்தால் வயறிங் புகைக்கும்.

ஆனால் புத்தகத்தில் பொசிற்றிவ் எர்த் என்று போட்டிருக்கிறது என்பதற்காக உங்கள் காரும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்துக் கார்கள் எத்தனையோ கை மாறி, மண்ணெண்ணெயில் ஓடி, யுத்த காலம் முழுக்கக் கிடைத்த சாமானைப் போட்டு உயிர் பிழைத்தவை. யாராவது ஜப்பான் ஓல்ரனேற்றர் ஒன்றைப் பூட்டி எர்த்தையும் மாற்றியிருப்பார், சொல்லாமல் போயிருப்பார். பொனற்றைத் திறந்து எந்த முனையிலிருந்து பட்டை வயர் பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பிறகு மீற்றரை வைத்தும் பாருங்கள், ஏனென்றால் சில பற்றறியில் அடையாளமே அழிந்திருக்கும்.

அடுத்தது றேடியோ. பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னத் தகடோ ஸ்ரிக்கரோ இருக்கும், எர்த் எது என்று எழுதியிருக்கும். அறுபதுகளில் வந்த பல ட்ரான்சிஸ்ரர் செற்றுகளில் எர்த் மாற்றுவதற்கென்றே ஒரு பிளக்கோ இணைப்போ பின்புறம் இருக்கும், அதைக் கழற்றித் திருப்பிப் போட்டால் காரியம் முடிந்தது. தகடும் இல்லை, பிளக்கும் இல்லை என்றால் திறந்து பார்க்க வேண்டும்: உள்ளே இருக்கிற பெரிய எலக்ரோலிற்றிக் கொண்டென்சரின் எந்த முனை பெட்டியோடு சேர்கிறது என்பதிலிருந்து பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். சந்தேகம் இருந்தால் அந்த 21 வாற்ஸ் பல்பை றேடியோவின் பற்றறி வயரோடு தொடரில் போட்டுவிட்டு ஓன் பண்ணுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் உடனே கழற்றுங்கள், உள்ளே ஷோட் அல்லது எர்த் பிழை. வால்வு செற், அதாவது ட்ரான்சிஸ்ரருக்கு முந்திய கண்ணாடிக் குழாய் வகை என்றால் அதற்கு வேண்டிய மின்னோட்டம் கூட, பல்பு நன்றாகவே ஒளிரும், செற்றும் வேலை தொடங்காது. ஆகவே பல்பை வைத்து வால்வு செற்றுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வால்வு செற்றில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதற்குள் வைபிரேற்றர் என்றொரு உருண்டைத் தகர டப்பா இருக்கும். 12 வோல்ற்றை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் வெட்டி வெட்டி ட்ரான்ஸ்போமருக்குக் கொடுத்து 200 வோல்ற்றுக்கு மேல் ஏற்றுவது அதன் வேலை. பக்கத்தில் அந்த மின்னைத் திரும்ப ஒரே திசையாக்குகிற ஈ.இஸட்.80 மாதிரி ஒரு றெக்ரிபையர் வால்வும் இருந்தால் பெரும்பாலும் எர்த் எந்தப் பக்கம் என்றாலும் பாடும். றெக்ரிபையர் வால்வு இல்லாமல் வைபிரேற்றரே இரண்டு வேலையையும் செய்கிற வகை என்றால் எர்த் மாறினால் உயர் வோல்ற்றேஜும் தலைகீழாகிவிடும், கொண்டென்சர் வெடிக்கும்.

காரின் எர்த்தையே மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றலாம். பற்றறி முனைகளை மாற்றி, இக்னிசன் கொயிலின் இரண்டு சின்ன வயரையும் இடம் மாற்றி, அம்பியர் மீற்றர் வயரை மாற்றி, டைனமோவின் எஃப் முனையில் இருக்கிற வயரைக் கழற்றிவிட்டு, பற்றறியின் எர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு வயரை அந்த எஃப் முனையில் ஓரிரு செக்கன் தொட்டு எடுத்தால் டைனமோவும் புது எர்த்துக்குப் பழகிவிடும். ஆனால் ஒரு றேடியோவுக்காக ஓடிக்கொண்டிருக்கிற காரின் வயறிங்கைக் குலைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. றேடியோவை மாற்றுங்கள், காரை விடுங்கள்.

வோக்ஸ்வாகன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: 1960களின் நடுப்பகுதி வரை வந்த பீற்றில் 6 வோல்ற். பலர் அதை 12 ஆக்கிவிட்டார்கள். காரோடு வந்த அசல் 6 வோல்ற் றேடியோ பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எடுத்து அப்படியே பூட்டினால் வால்வுகளின் இழை போய்விடும்.

ஓன் பண்ணினால் ஒன்றுமே இல்லை

டயல் லைற்றும் எரியாவிட்டால் றேடியோவைத் திறக்க முன்னர் வயரைப் பாருங்கள். உருண்டைக் கண்ணாடி பியூஸ் வைக்கிற அந்தப் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் பச்சை பிடித்திருக்கும், பியூஸ் நல்லாய் இருக்கும், ஆனால் மின் போகாது. எங்கள் சோளகக் காற்று கொண்டுவந்து கொட்டுகிற உப்புக்கு இது சாதாரணம். பொடிக்கு எர்த் எடுக்கிற இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். புதிதாகப் பெயின்ற் அடித்த காரில் இது அடிக்கடி நடக்கும்.

டயல் எரிகிறது, சத்தம் இல்லை

வால்வு செற் என்றால் முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஓன் பண்ணினதும் வண்டு முரலுவது போல 'ம்ம்ம்' என்று மெல்லிய இரைச்சல் வர வேண்டும். அதுதான் வைபிரேற்றர். இரைச்சல் இல்லை, ஆனால் செற் கனக்க அம்பியர் இழுக்கிறது என்றால் வைபிரேற்றரின் தொடுமுனைகள் ஒட்டிவிட்டன. நீண்ட காலம் கிடந்த செற்றில் கறுத்துப்போய்த் தொடாமலும் இருக்கலாம். டப்பாவைத் திறந்து மிக மெல்லிய எமறிக் கடதாசியால் துடைத்துச் சிலதை உயிர்ப்பிக்கலாம். ஆனால் புது வைபிரேற்றர் போட்டாலும் பழையதைத் துடைத்தாலும், ட்ரான்ஸ்போமரின் உயர் பக்கத்தில் குறுக்கே நிற்கிற பபர் கொண்டென்சரைக் கட்டாயம் மாற்றுங்கள். அதே அளவு, 1500 வோல்ற்றுக்குக் குறையாதது. அதை மாற்றாமல் விட்டால் புது வைபிரேற்றரும் கொஞ்ச நாளில் போகும், போகும்போது ட்ரான்ஸ்போமரையும் கூட்டிக்கொண்டு போகும்.

இரைச்சல் வருகிறது, வால்வுகளும் எரிகின்றன, சத்தம் மட்டும் இல்லை என்றால் உயர் வோல்ற்றேஜ் வருகிறதா என்று மீற்றரில் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் கவனம். கார் பற்றறிதானே என்று கையை விட்டால் உள்ளே 200 வோல்ற்றுக்கு மேல் நிற்கிறது, ஓஃப் பண்ணிய பிறகும் கொண்டென்சரில் கொஞ்ச நேரம் நிற்கும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் இடைப்பட்ட ஒரு வகை வந்தது. வால்வும் இருக்கும், வைபிரேற்றர் இருக்காது. ஈ.சி.எச்.83, ஈ.பி.எஃப்.83 போன்ற வால்வுகள் 12 வோல்ற்றிலேயே வேலை செய்யும், கடைசியில் சத்தத்தைத் தள்ளுவது மட்டும் ஒரு பெரிய ஜேர்மேனியம் ட்ரான்சிஸ்ரர். இதில் இரைச்சல் கேட்காது, அதை வைத்து வைபிரேற்றர் போய்விட்டது என்று தேட வேண்டாம். வால்வு சூடாக அரை நிமிடம் பொறுங்கள், அவ்வளவுதான்.

இந்த வகைக்கும் முழு ட்ரான்சிஸ்ரர் செற்றுக்கும் ஒரு சட்டம்: ஸ்பீக்கர் இல்லாமல் ஓன் பண்ணாதீர்கள். சுமை இல்லாதபோது வெளியீட்டு ட்ரான்ஸ்போமரில் எழும்புகிற வோல்ற்றேஜ் அந்த ஜேர்மேனியத்தை அடித்துவிடும். ஓ.சி.26, ஏ.டி.149 மாதிரியானவை இப்போது கிடைத்தாலும் விலை கூட, போலியும் கூட. பிரிட்டிஷ் செற்றுகள் பெரும்பாலும் 3 ஓம் ஸ்பீக்கருக்குச் செய்தவை. இப்போதைய 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் பிரச்சினை இல்லை. இரண்டு ஸ்பீக்கர் வேண்டும் என்று இரண்டு 4 ஓம்மைச் சமாந்தரமாகப் போட்டு 2 ஓம் ஆக்கிவிட்டு ட்ரான்சிஸ்ரர் கொதிக்கிறது என்று சொல்லக் கூடாது. பழைய றேடியோவுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் வடிவு.

'உஸ்' என்கிறது, ஸ்ரேசன் ஒன்றும் வருதில்லை

றேடியோ உயிரோடு இருக்கிறது என்பதற்கு இந்த 'உஸ்' சாட்சி. இனி மூன்று இடம் பாருங்கள்.

முதலாவது, எந்த அலைவரிசையில் தேடுகிறீர்கள்? இங்கிலாந்திலிருந்து வருகிற செற்றுகளில் பெரும்பாலானவை மீடியம் வேவும் லோங் வேவும் கொண்டவை. லோங் வேவ் பட்டனை அமத்திவிட்டு இரவு முழுக்கத் திருகினாலும் யாழ்ப்பாணத்தில் ஒன்றும் வராது, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் லோங் வேவில் ஒலிபரப்பு என்பதே இல்லை. அது ஐரோப்பாவுக்கான சாமான். ஆகவே வாங்க முன்னர் டயலைப் பாருங்கள்: மீடியம் வேவோடு சோட் வேவ் உள்ள ஏற்றுமதி வகை கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் காசு கொடுத்தாலும் பரவாயில்லை. எங்கள் அப்பாமார் இங்கே காருக்குள் கேட்டதும் அதைத்தான். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி பிபிசி தமிழோசையும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் கேட்ட ஊர் இது, சோட் வேவின் அருமை தெரியாதவர்கள் இல்லை. தமிழோசையின் வானொலிச் சேவை 2017இல் நின்றுவிட்டது, சோட் வேவில் இப்போது தேடிக் கேட்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் வெறும் லோங் வேவுக்கு அது எவ்வளவோ மேல்.

மீடியம் வேவில் என்ன தேடுவது? பழைய டயல்களில் கிலோ ஹேர்ட்ஸ் இருக்காது, மீற்றர் கணக்குத்தான். 3 இலட்சத்தைக் கிலோ ஹேர்ட்ஸால் பிரித்தால் மீற்றர் வரும். திருச்சி வானொலியின் 936 ஏறக்குறைய 320 மீற்றரில், தூத்துக்குடியின் 1053 ஏறக்குறைய 285 மீற்றரில், புத்தளத்திலிருந்து வருகிற 882 ஏறக்குறைய 340 மீற்றரில். உப்புக் கடலைத் தாண்டி வருகிற மீடியம் வேவ் தரையைவிட நன்றாகவே வரும், அதனால் தமிழ்நாட்டு ஸ்ரேசன்கள் எங்களுக்குப் பகலிலேயே கிடைக்கக் கூடியவை. ஒலிபரப்பு இருக்கிற நேரமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டுக் கறாச்சுக்குள் வைத்துச் சோதிக்காதீர்கள். தகரக் கூரை, எல்.இ.டி. பல்ப், போன் சார்ஜர், எல்லாம் மீடியம் வேவைக் கொல்லும். காரைப் பண்ணைப் பாலத்துக்குக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கிற இடத்தில் நிறுத்தி ஓன் பண்ணுங்கள். அங்கேயும் வராவிட்டால்தான் பிழை றேடியோவிலோ ஏரியலிலோ.

இரண்டாவது, ஏரியல். பிளக்கைக் கழற்றி மீற்றரை வைத்துப் பாருங்கள்: பிளக்கின் நடு ஊசியிலிருந்து ஏரியல் கம்பியின் நுனி வரை தொடர்ச்சி இருக்க வேண்டும், நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் ஒன்றும் காட்டக் கூடாது. கார்த்திகை மழைக்குப் பிறகு மட்டும் ஸ்ரேசன் போகிறது என்றால் மட்காட்டில் ஏரியல் இறங்குகிற இடத்தில் தண்ணீர் புகுந்திருக்கிறது. வயர் எட்டவில்லை என்று ரிவி கேபிளை ஒட்டி நீட்டியிருப்பார்கள், அதைத் தூக்கி எறியுங்கள். கார் ஏரியல் வயர் கொள்ளளவு மிகக் குறைந்த தனி வகை. உள்ளே நடுக் கம்பி மயிர் போல மெல்லியதாகக் கொழகொழவென்று கிடக்கும். ரிவி கேபிள் மீடியம் வேவ் சிக்னலைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும்.

மூன்றாவது, ட்ரிமர். இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஏரியல் மாற்றினால், வயரின் நீளம் மாறினால், றேடியோவில் இருக்கிற ஒரு சின்ன ஸ்குறூவைத் திருப்பி இரண்டையும் இசைய வைக்க வேண்டும். ஏரியல் சொருகும் இடத்துக்குப் பக்கத்திலோ முன் முகப்பைக் கழற்றினால் தெரிகிற மாதிரியோ இருக்கும். ஏரியலை முழுதாக நீட்டி, 1400 கிலோ ஹேர்ட்ஸ் பக்கம், அதாவது 215 மீற்றர் அளவில், வலிமை குறைந்த ஒரு ஸ்ரேசனையோ வெறும் இரைச்சலையோ பிடித்து வைத்துக்கொண்டு ஸ்குறூவை மெல்ல மெல்லத் திருப்புங்கள். ஒரு இடத்தில் சத்தம் சட்டென்று ஏறும், அங்கே விட்டுவிடுங்கள். செத்துப்போச்சு என்று வந்த செற் இந்த ஒரு ஸ்குறூவில் எழும்பிப் பாடுவது உண்டு.

எஃப்.எம். வருதில்லை

வராது. ஐம்பதுகளின் பிரிட்டிஷ் கார் றேடியோவில் எஃப்.எம். இல்லை. ஜெர்மனியின் புளோபுங்க்ற் 1952இலேயே எஃப்.எம். கார் றேடியோ கொண்டுவந்தது உண்மை, ஆனால் அது ஒஸ்ரினுக்குள் வந்த சாமான் அல்ல. பழைய ஐரோப்பிய எஃப்.எம். செற் கிடைத்தாலும் சில 100, 104 மெகா ஹேர்ட்ஸோடு நின்றுவிடும், எங்கள் ஸ்ரேசன்கள் 108 வரை போகின்றன. றீகொண்டிசன் ஜப்பான் காரிலிருந்து கழற்றிய செற் என்றால் பெரும்பாலும் 76இலிருந்து 90 வரைதான், அதற்கு எங்கள் ஸ்ரேசன்களை அந்த அளவுக்கு இறக்கிக் கொடுக்கிற பான்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒன்றை ஏரியலில் சொருகித்தான் கேட்கிறோம். அது பழைய காருக்குள் பார்க்கவும் பொருந்தாது.

கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓடுகிற கார்க்காரருக்கு இது உண்மையான பிரச்சினை. மாப்பிள்ளையின் தோழர்கள் ஏறினதும் போனிலிருந்து பாட்டுப் போடச் சொல்வார்கள், திருச்சி வானொலி அவர்களுக்குக் காணாது. வழிகள் இருக்கின்றன. உள்ளே இருக்கிறதை எல்லாம் வழித்து எறிந்துவிட்டு எஃப்.எம்., புளூரூத் போர்ட் ஒன்றை வைத்துப் பழைய முகப்பை மட்டும் விடுவது ஒன்று. உள்ளே உண்மையாகவே எரிந்துபோன, எங்கும் கிடைக்கிற சாதாரண ட்ரான்சிஸ்ரர் செற் என்றால் செய்யுங்கள், நான் மறிக்க மாட்டேன். ஆனால் பாடுகிற வால்வு செற்றுக்கு அதைச் செய்வது அநியாயம். அதற்கு நல்லது, வொலியூம் கொன்ரோலின் உச்சி முனைக்கு ஒரு கொண்டென்சர் வழியாகப் போனின் சத்தத்தை உள்ளே விடுவது. ஒரு சின்ன சுவிட்சோடு செய்தால் பிறகு கழற்றிவிடலாம், அடையாளமே தெரியாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பொசிற்றிவ் எர்த் காரில் போனை சார்ஜரில் போட்டுக்கொண்டு அதே போனிலிருந்து றேடியோவுக்கு வயரும் கொடுத்தால், சார்ஜரின் கழித்தல் பக்கம் போனின் வழியாக றேடியோப் பெட்டியில், அதாவது காரின் கூட்டல் பக்கத்தில் போய் முட்டும். சார்ஜரோ போனோ புகையும். தன் பற்றறியில் ஓடுகிற சின்ன புளூரூத் றிசீவர் ஒன்றை டாஷ்போர்டுக்குக் கீழே ஒளித்து வையுங்கள், சார்ஜ் ஏற்றுவது வீட்டில்.

எஞ்சின் ஸ்ராட் பண்ணினால் இரைச்சல்

எஞ்சின் ஓடும்போது ஏரியல் பிளக்கைக் கழற்றுங்கள். இரைச்சல் போனால் அது காற்று வழியாக ஏரியலுக்கு வருகிறது. போகாவிட்டால் பற்றறி வயர் வழியாக வருகிறது. இதைப் பார்க்காமல் கொண்டென்சர் வாங்கி வாங்கி எல்லா இடமும் பூட்டுபவர்கள் காசைத்தான் வீணாக்குகிறார்கள்.

பிறகு சத்தத்தின் வகையைக் கேளுங்கள். அக்சிலேற்றரை அமத்த அமத்த 'டிக் டிக்' விரைவாகிறது என்றால் இக்னிசன். கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குப் போகிற தடித்த வயரில் இரைச்சலை அடக்குகிற சப்பிறெசர் ஒன்றை 10,000 ஓம் அளவில் போடுங்கள், கொயிலுக்கு மின் வருகிற முனையில் 1 மைக்ரோ பராட் கொண்டென்சர் ஒன்றைப் பொடிக்குப் போடுங்கள். கொயிலின் மற்ற முனையில், டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கிற பொயின்ற்றுக்குப் போகிற பக்கத்தில், போடாதீர்கள். அது ஸ்பார்க்கைக் கெடுக்கும், கார் இழுக்காது. 'ஊய்ங்' என்று ஏறி இறங்கினால் டைனமோ: பெரிய முனையான டி-யில் அதே 1 மைக்ரோ பராட். எஃப் முனையில் ஒருபோதும் இல்லை, ரெகுலேற்றரின் தொடுமுனைகள் கருகிவிடும். டைனமோவின் கொமியூற்றேற்றர் கறுத்து, பிறஷ் தேய்ந்திருந்தால் எந்தக் கொண்டென்சராலும் அடக்க முடியாது, முதலில் அதைத் திருத்துங்கள்.

மொறிஸ் மைனரில் எஞ்சின் ஸ்ராட் ஆக முன்னரே, சாவியைத் திருப்பினதும் 'டக் டக் டக்' என்று கேட்டால் அது பெற்றோல் பம்ப். எஸ்.யு. எலக்ரிக் பம்ப்புக்கும் ஒரு கொண்டென்சர் வேண்டும். பொனற் பெயின்ற் அடித்துப் பூட்டிய பிறகு இரைச்சல் கூடியது என்றால் பிணைச்சலில் பெயின்ற் அடைத்துப் பொனற் எர்த் இல்லாமல் நிற்கிறது. ஒரு பட்டை வயரால் பொடியோடு இணையுங்கள். அதுவரை பொனற்றே ஒரு ஏரியல் மாதிரி இரைச்சலை வெளியே விடும்.

முதலில் நன்றாகப் பாடுகிறது, சூடானதும் கெடுகிறது

வால்வு செற்றில் சத்தம் கரகரத்து, வெளியீட்டு வால்வு தொட முடியாமல் கொதித்தால், அதற்கு முன்னால் இருக்கிற மெழுகுக் கடதாசிக் கொண்டென்சர் ஒழுகுகிறது. அந்தக் காலத்து மெழுகுக் கொண்டென்சர் ஒன்றையும் நம்ப வேண்டாம், 630 வோல்ற் பிலிம் வகையாக எல்லாவற்றையும் மாற்றுங்கள். அசலாகத் தெரிய வேண்டும் என்ற பிடிவாதக்காரர்கள் பழைய கூட்டுக்குள் புதியதை ஒளித்து வைக்கிறார்கள், பொறுமை உள்ளவர்கள் செய்யலாம்.

ஜேர்மேனியம் செற் என்றால் வெயில்தான் எதிரி. ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் ஏற ஏற அந்த ட்ரான்சிஸ்ரரில் கசிவு இரட்டிப்பாகும். சித்திரை மாத மத்தியானம் நல்லூர் வீதியில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் ஏறின கையோடு றேடியோவை முழுச் சத்தத்தில் போடக் கூடாது. கண்ணாடியை இறக்கிக் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டுப் போடுங்கள். ட்ரான்சிஸ்ரருக்குக் கீழே இருக்கிற மைக்காத் தகட்டின் பூச்சுக் காய்ந்திருக்கும், புதிதாகப் பூசினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பற்றறி இறங்குகிறது

வால்வு செற் 3 அம்பியருக்குக் கூடவே இழுக்கும். பழைய டைனமோ 20 அம்பியர் அளவுதான் தரும், அதுவும் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. மணவறை முடியும் வரை வெளியே நிறுத்தி, எஞ்சின் ஓஃப், பாட்டு ஓன் என்றால் தள்ளித்தான் ஸ்ராட் பண்ண வேண்டும். ட்ரான்சிஸ்ரர் செற் ஒரு அம்பியருக்குள் நிற்கும். அடிக்கடி வாடகைக்குப் போகிற காருக்கு நான் ட்ரான்சிஸ்ரர் செற்றைத்தான் சொல்வேன், கார் வால்வு காலத்தது என்றாலும்.

பாடுகிறது, ஆனால் காருக்கு ஒட்டவில்லை

இதுவும் பிழைதான், மீற்றரில் தெரியாத பிழை. ஏ40 டெவனிலும் சமர்செற்றிலும் அறுபதுகளின் மெல்லிய குரோம் முகப்புச் செற்றைப் பூட்டினால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே குத்தும். ஐம்பதுகளின் முற்பாதிக்கு இரண்டு பெட்டி வால்வு செற்: டயலும் குமிழும் உள்ள பெட்டி டாஷ்போர்டில், பவர் பெட்டி தனியாகக் காலடிக்கு மேலே. எச்.எம்.வி. றேடியோமொபைல் அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த பெயர், எக்கோவும் இருந்தது. ஐம்பதுகளின் கடைசிக்கு அந்த இடைப்பட்ட வகை. ஏ60 கேம்பிறிட்ஜ், பிந்திய மைனர் 1000 என்றால் முழு ட்ரான்சிஸ்ரர் தாராளமாகப் பொருந்தும். கசற்றோடு உள்ளது எழுபதுகளின் ஜப்பான் காருக்கு அழகு, ஒஸ்ரினுக்கு இல்லை.

ஆண்டு தெரியாத செற் கையில் வந்தால் டயலை வாசியுங்கள். லோங் வேவில் 1500 மீற்றர் பக்கம் 'லைட்' என்று அச்சடித்திருந்தால் அது பிபிசியின் லைட் புரோகிராம், 1967இல் அந்தப் பெயரே இல்லாமல் போனது, ஆகவே செற் அதற்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம். விற்பவர் சொல்கிற ஆண்டைவிட அந்த ஒரு சொல் நம்பிக்கையானது.

அளவுக்காக டாஷ்போர்டை வெட்டாதீர்கள். இப்போதைய கார் செற்றுகளின் 180க்கு 50 மில்லிமீற்றர் வாய் எண்பதுகளில் வந்த தரம். அதற்கு முந்திய செற்றுகள் இரண்டு குமிழ்த் தண்டும் நடுவில் ஒரு மூக்கும் என்ற அமைப்பு, தண்டுகளின் இடைவெளி செற்றுக்குச் செற் மாறும். வாங்க முன்னர் அந்த இடைவெளியை அளந்து அனுப்பச் சொல்லுங்கள், முகப்புத் தகடும் குமிழ்களும் கூட வருகின்றனவா என்றும் கேளுங்கள், பிறகு அவற்றைத் தனியாகத் தேடுவது றேடியோவைத் தேடுவதைவிடக் கஷ்டம். பொருந்தாவிட்டால் டாஷ்போர்டுத் தட்டுக்குக் கீழே ஒரு இரும்புப் பட்டியில் தொங்கவிடுங்கள். அந்தக் காலத்திலேயே பலர் அப்படித்தான் பூட்டினார்கள். முன் நட்டை மட்டும் நம்பாமல் பின்புறத்துக்கும் ஒரு தாங்கு பட்டி கொடுத்துவிடுங்கள், வால்வு செற்றின் பாரத்துக்கு அது கழன்று விழ எங்கள் உள் ஒழுங்கைகளின் குழி காணும்.